“கூட யாரும் வரலையாம்மா?”

இ-சேவை மையத்திலோ வங்கியிலோ தாலுகா அலுவலகத்திலோ பார்வையற்ற பெண் ஒருவர் தனியாகப் போய் நின்றால் முதலில் வரும் கேள்வி இது. காது கேளாத பெண்ணிடம் இதையே சைகையில் கேட்பார்கள். அறுபதைக் கடந்த, கண் மங்கிய பெண்ணிடமும் கேட்பார்கள். பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: இந்தப் பெண்ணால் அரசாங்கத்திடம் நேரடியாகப் பேச முடியாது, நடுவில் ஒருவர் வேண்டும்.

அரசு இணையதளங்களும் செயலிகளும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய வகையில் இருந்தாக வேண்டும் என்று சொல்லும் சட்டங்கள் இன்று பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் பொதுத்துறைத் தளங்களுக்கென்றே ஒரு நெறியாணை கொண்டுவந்தது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கணினித் துறையினர் அல்லது வழக்கறிஞர்கள். பெண்ணிய வாசிப்புக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். நிறைய வேலை இருக்கிறது. நடுவில் நிற்பவர் யார், அதனால் அவருக்கு நம் வாழ்க்கையின் மீது என்ன அதிகாரம் கிடைக்கிறது என்பது பெண்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. அந்தக் கேள்வியோடு இந்தச் சட்டத்தைப் படித்தால் அதன் பலமும் தெரிகிறது, அது பார்க்கத் தவறியதும் தெரிகிறது.

சட்டத்தின் சொற்கள்

2016 சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் உள்ள தகவல்கள் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 40ஆம் பிரிவு, அதற்கான தர அளவுகளை விதிகளாக வகுக்கும் பொறுப்பை ஒன்றிய அரசிடம் தருகிறது. 2017இல் விதிகள் வந்தன. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதல்களை நிறுவனங்கள் பின்பற்ற வேண்டும் என்று 15ஆம் விதி சொன்னது. தளங்களில் போடும் ஆவணங்கள் இ-பப் வடிவிலோ, எழுத்துகளைக் கணினி அடையாளம் காணக்கூடிய பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த வழிகாட்டுதல்கள் 2009இலேயே வெளியானவை. 2023இல் வந்த மூன்றாம் பதிப்பு செயலிகளையும் சேர்த்துக்கொண்டது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். விதி, ‘வழிகாட்டுதலைப் பின்பற்று’ என்கிறது. வழிகாட்டுதலைத் திறந்து படித்தால் அதில் பாதி ‘செய்வது நல்லது’ என்ற தொனியில் இருக்கிறது. ‘பார்த்துச் செய்வோம்’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டே சொத்திலும் கூலியிலும் பங்கு இழந்தவர்கள் பெண்கள். அந்தத் தொனி நமக்குப் பழக்கமானது.

உச்ச நீதிமன்றமும் இதே இடத்தைத்தான் பிடித்தது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பு வந்தது. கட்டாய விதிகளை வகுக்கச் சொல்கிறது சட்டம். 15ஆம் விதியோ பரிந்துரைகளைக் கையில் கொடுத்து நின்றுவிடுகிறது. ஆகவே அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்றது நீதிமன்றம். மீறவே கூடாத குறைந்தபட்ச விதிகளைத் தனியே பிரித்து மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி உத்தரவிட்டது. அணுகல்தன்மை வேறு, தனிநபருக்கான பொருத்தமான வசதி வேறு என்றும் அந்தத் தீர்ப்பு விளக்கியது. ஒருவர் வந்து கேட்ட பிறகு செய்து தருவது வசதி. யாரும் கேட்காமலே முன்கூட்டிச் செய்து வைத்திருப்பது அணுகல்தன்மை. கேட்பதற்கே துணிச்சலும் நேரமும் பயணச் செலவும் வேண்டியிருக்கும் பெண்களுக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமே கிடையாது.

ஆரணியிலிருந்து பார்த்தால்

டெல்லியில் எழுதப்பட்ட இந்தச் சொற்களை ஆரணியில் வைத்துப் பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்தப் பட்டு நகரத்திலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுவட்ட ஊர்களிலும் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீடுதான் பட்டறை. தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, பாவு பிணைப்பது என்று பெண்களின் கை படாமல் ஒரு சேலையும் தறியை விட்டு இறங்குவதில்லை. தறியில் உட்கார்ந்து நெய்யும் பெண்களும் உண்டு. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும், நெசவாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் பெண்கள் என்றும் சொன்னது. இருந்தும் பல வீடுகளில் சங்க உறுப்பினர் கணவர், மின் இணைப்பு மாமனார் பெயரில், குடும்பத்தின் கைப்பேசி எண் மகனுடையது.

கடந்த சில ஆண்டுகளில் இந்த வீடுகளுக்குள் அரசு இணையம் வழியாக நுழைந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளம் வந்தது. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. விண்ணப்பங்களை முகாம்களில் வாங்கித் தன்னார்வலர்கள் செயலியில் ஏற்றினார்கள். நிராகரிக்கப்பட்டால் காரணம் குறுஞ்செய்தியில் வரும், முப்பது நாட்களுக்குள் இ-சேவை மூலம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். பெண்ணின் பெயரில், பெண்ணின் கணக்குக்கு, ‘உரிமை’ என்ற சொல்லோடு பணம் தரும் திட்டம் அது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்க முடியாதவருக்கு முப்பது நாட்கள் என்ற கெடு என்ன பொருள் தரும்?

பட்டுவேலை கண்ணைக் கேட்கிற வேலை. முடியைவிட மெல்லிய இழையை மங்கிய வெளிச்சத்தில் பல ஆண்டுகள் உற்றுப் பார்த்தவர்களுக்கு, வயது ஏறும்போது கிட்டப்பொருள் தெளிவாகத் தெரிவதில்லை. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த முழங்கால்களும், இழையில் உரசித் தேய்ந்த விரல்களும் சேர்ந்துகொள்ளும். இவர்களில் பலர் சட்டத்தின் கணக்கில் மாற்றுத்திறனாளிகள் அல்லர். பெரும்பாலான நலத்திட்டங்களுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று மருத்துவச் சான்று வேண்டும். உழைத்துத் தேய்ந்த உடலுக்கு அந்தச் சான்று கிடைப்பதில்லை.

இணைய அணுகல்தன்மையின் அழகே இங்கேதான் இருக்கிறது. அது சான்று கேட்பதில்லை. பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட, நம் வழிகாட்டுதல்களும் தழுவிக்கொண்ட தர அளவுகளின்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் உடையக் கூடாது. பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டக் கூடாது, எழுத்திலும் சொல்ல வேண்டும். நேரக் கெடு இருந்தால் அதை நீட்டிக்க வழி வேண்டும். உடலுக்கும் முந்திக்கும் எந்த நிறம் எடுபடும் என்று தெரிந்த நெசவாளப் பெண்ணுக்கு, சாம்பல் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தைப் போட்டவரின் அறியாமை உடனே புரியும். இந்த விதிகள் நடைமுறைக்கு வந்தால் சான்றுள்ளவர், சான்றில்லாதவர் இருவருக்கும் ஒரே பக்கம் திறக்கும்.

ஒரு பக்கம் எப்படி மௌனமாகிறது

பார்வையற்றவர்கள் கணினியையும் கைப்பேசியையும் திரைவாசிப்பான் மென்பொருள் மூலம் பயன்படுத்துகிறார்கள். என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற வசதி பொதுவாகவே இருக்கும். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தருவதே இவற்றின் வேலை. எழுத்து எழுத்தாக இருந்தால்தான் இது நடக்கும்.

ஒரு சுற்றறிக்கையை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பிறகு ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றினால் அது வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணம் இன்னும் விசித்திரமானது. கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரியும். உள்ளே பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் வெளியாகும் ஒவ்வொரு ஆவணமும் ஒரு சாராரிடம் ‘இது உனக்கில்லை’ என்று சொல்கிறது. ‘தமிழில் நிர்வாகம்’ என்று பெருமைப்படுகிறவர்கள் இந்தத் தமிழ் யார் காதுக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பல அரசுத் தளங்களின் மேல்மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான்கள் இருக்கின்றன. திரைவாசிப்பான்களின் பட்டியலைத் தரும் ஒரு பக்கமும் இருக்கும். 2015 டிசம்பரில் தொடங்கிய ‘சுகம்ய பாரத்’ இயக்கத்துக்குப் பிறகு இந்த அடையாளங்கள் கூடின. வாசலில் இப்படிக் கோலம் போட்டிருக்கும் தளத்தில், படிவம் உள்ள பக்கத்துக்குப் போனால் கட்டங்களுக்குப் பெயரே இருக்காது. ‘எடிட் பாக்ஸ், எடிட் பாக்ஸ்’ என்று திரைவாசிப்பான் புலம்பும். எது பெயர், எது தந்தை பெயர் என்று தெரியாது. கடைசியில் படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சா வந்து நிற்கும். 2021இல் கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளம் இப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு மே 31 அன்று, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த வழக்கில், அந்தத் தளத்தின் கேப்ட்சாவும் தேர்வுப் பட்டியல்களும் பார்வையற்றவர்களுக்கு எட்டாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. உயிர் காக்கும் ஊசிக்கான வரிசையே அதில்தான் இருந்தது.

கண் சிமிட்டச் சொன்ன இயந்திரம்

இந்தச் சட்டத்தின் பெண்ணிய முக்கியத்துவத்தை மிகத் தெளிவாகக் காட்டும் வழக்கு 2025இல் வந்தது. பிரக்யா பிரசூன் அமில வீச்சுக்கு ஆளாகி மீண்டவர். வங்கிக் கணக்கு தொடங்க முயன்றபோது, எதிரில் இருப்பது உயிருள்ள மனிதர்தான் என்று உறுதிப்படுத்த, கேமராவின் முன் கண்ணைச் சிமிட்டச் சொன்னது டிஜிட்டல் சரிபார்ப்பு முறை. அமிலம் பாதித்த கண்களால் அது முடியவில்லை. அவரும் அவரைப் போன்ற மற்றவர்களும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். பார்வை மாற்றுத்திறனாளியான வழக்கறிஞர் அமர் ஜெயினின் மனுவும் சேர்த்து விசாரிக்கப்பட்டது.

இதில் உள்ள கொடுமையை நிதானமாகப் பார்க்க வேண்டும். அமில வீச்சு பெண்ணின் முகத்தைக் குறிவைக்கும் வன்முறை. ‘எனக்குக் கிடைக்காத முகம் யாருக்கும் வேண்டாம்’ என்ற ஆண் மனம் அதன் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து பிழைத்து வந்து, சொந்தப் பணத்துக்குச் சொந்தக் கணக்கு தொடங்கப் போகும் பெண்ணிடம், ‘உயிரோடு இருப்பதை நிரூபி’ என்கிறது இயந்திரம். அதை வடிவமைத்தவருக்கு அவள்மீது எந்த வன்மமும் இல்லை. அவள் என்று ஒருத்தி இருப்பதே அவர் மனதில் வரவில்லை. ஒரு பெண்ணை ஊரிலிருந்து விலக்க வன்மம் தேவைப்படுவதில்லை, இந்த நினைவின்மை போதும்.

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு அளித்த தீர்ப்பு, டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழிகள் வேண்டும். பெருவிரல் ரேகையின் படத்தை ஏற்க வேண்டும். காகித வழிச் சரிபார்ப்பும் தொடர வேண்டும். தளங்களையும் செயலிகளையும் தகுதி பெற்றவர்கள் அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும். நம் வகுப்பறைகளில் பெண்ணுரிமைத் தீர்ப்புகளின் வரிசையில் வைத்துப் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

ஓடிபி யாருக்கு வருகிறது?

இனி சட்டம் பார்க்கத் தவறியதற்கு வருவோம். இந்த விதிகள் அனைத்தும் ஒரு பயனரைக் கற்பனை செய்கின்றன. அவரிடம் சொந்தமாகக் கைப்பேசி இருக்கிறது. அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரில் எண் இருக்கிறது. அவருக்கும் திரைக்கும் நடுவே உடற்குறைபாடு ஒன்றுதான் தடை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் சுமார் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர்தான். பக்கம் எவ்வளவு ஒழுங்காக அமைந்திருந்தாலும், ஓடிபி மகனின் கைப்பேசிக்குப் போனால் கதவைத் திறப்பது மகன்தான்.

கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பார்வை குறைந்தவர், வீட்டில் தார் சுற்றிப் பிழைப்பவர். ‘கணவனால் கைவிடப்பட்டவர்’ என்ற சான்றிதழ் வேண்டும். வருவாய்த்துறை தரும் இந்தச் சான்றுக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பொதுமக்கள் தாங்களே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. அது அவருக்கு எட்டாததால் தெரு முனையிலுள்ள மையத்துக்குப் போகிறார். கணினியில் இருப்பவர் பக்கத்துத் தெருப் பையன். “எத்தனை வருஷம் ஆச்சுக்கா? ஏன் விட்டுட்டுப் போனாரு?” என்று கேட்டுக் கேட்டுத் தட்டுகிறார். அவர் கெட்டவர் இல்லை, படிவம் கேட்பதைத்தான் கேட்கிறார். பின்னால் வரிசையில் நிற்கும் ஐந்து பேரின் காதிலும் அது விழுகிறது. முதலாளி வீட்டுத் திண்ணை வரைக்கும் அன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அணுகல்தன்மை இல்லாததற்கு ஒரு பெண் கொடுக்கும் விலை அந்தரங்கம்.

இதே விலையை வேறு இடங்களிலும் கொடுக்கிறோம். குடும்ப வன்முறை பற்றிப் புகார் செய்ய, வன்முறை செய்பவரின் உதவியே தேவைப்படும் நிலை பார்வையற்ற பெண்ணுக்கு வரலாம். குரலில் பேசினால்தான் உதவி என்ற எண் காது கேளாத பெண்ணுக்கு ஊமையாகவே இருக்கும். வங்கியின் பின் எண்ணைத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கும் அக்காக்கள் எத்தனை பேர் என்று எந்தத் தணிக்கையும் எண்ணுவதில்லை. 2016 சட்டத்தின் 4ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிப் பெண்கள், குழந்தைகளின் சம உரிமை பற்றிப் பேசுகிறது. தகவல் தொழில்நுட்பம் பற்றிய 42ஆம் பிரிவு பாலினமே இல்லாத ‘நபர்’ பற்றிப் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

நாமும் பதில் சொல்ல வேண்டும்

இந்த இடைவெளிக்குச் சட்டத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. 2002இல் அனிதா காய் எழுதிய ஒரு கட்டுரை, மாற்றுத்திறனாளிப் பெண்கள் இந்தியப் பெண்ணியத்தின் நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. அதில் பெண்கள் 1.18 கோடி. இவ்வளவு பேரை வெளியே வைத்துவிட்டு ‘அனைத்துப் பெண்கள்’ என்று பேசிவந்திருக்கிறோம். நம் பதிப்பகங்களின் மின்னூல்களையும் இயக்கங்களின் படச் சுவரொட்டிகளையும் திரைவாசிப்பானில் கேட்டுப் பார்த்தால், அரசை மட்டும் குறைசொல்லும் தைரியம் கொஞ்சம் குறையும்.

ஓர் எதிர்வாதமும் உண்டு. ‘யார்தான் யாரையும் சாராமல் வாழ்கிறார்கள்? ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதை மதிக்கச் சொன்னதே பெண்ணியம்தானே? உதவி கேட்பதில் என்ன இழுக்கு?’ நியாயமான கேள்வி. தறியும் அதைத்தான் சொல்லும். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவரால் ஆகாது. ஆனால் தறியில் பக்கத்தில் உட்காரும் கைக்கு ஒரு வேலை உண்டு, அந்த வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. விண்ணப்பத்தில் நுழையும் கைக்கு எந்தக் கணக்கும் இல்லை. அவர் எதைத் தட்டினார், எந்த எண்ணைக் கொடுத்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தனியாகச் செய்ய முடிந்த பிறகு துணை கேட்பது தேர்வு. தனியாகச் செய்யவே வழியில்லாமல் துணை தேடுவது கட்டாயம். முதலாவதை நாம் கொண்டாடலாம். இரண்டாவதற்கு அன்பு என்று பெயர் வைத்தால், வீட்டுக்குள் நடக்கும் பழைய அதிகாரத்துக்குத்தான் மறுபடி பொட்டு வைக்கிறோம்.

ஆகவே கேட்க வேண்டியவை சில உண்டு. உச்ச நீதிமன்றம் சொன்ன கட்டாய விதிகளில் தளத்தின் வடிவம் மட்டும் இருந்தால் போதாது. பெண்கள் பயனடையும் ஒவ்வொரு திட்டத்திலும் ஓடிபிக்கு மாற்று வழி இருக்க வேண்டும். நிராகரிப்புக் காரணத்தைக் குரலிலும் எளிய தமிழிலும் தர வேண்டும். இ-சேவை மையங்களில் அந்தரங்கமான சான்றுகளுக்குத் தனி இடம் வேண்டும். தட்டியதை அப்படியே படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்ற நடைமுறை வேண்டும். தளங்களைச் சோதிக்கும் குழுவில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் கூலி பெற்றுப் பங்கேற்க வேண்டும். ஐரோப்பிய நெறியாணை, தன் தளத்தில் எது எட்டாது என்று ஒவ்வொரு அலுவலகமும் தானே எழுதி வெளியிட வேண்டும் என்கிறது, புகார் சொல்ல வழியும் வைக்கச் சொல்கிறது. அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

மாணவிகள் இன்றே செய்யக்கூடியதும் இருக்கிறது. கைப்பேசியில் டாக்பேக்கை இயக்கிவிட்டுத் திரையைப் பார்க்காமல் ஏதாவது ஓர் அரசுப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். கணினியில் மவுஸைத் தொடாமல் டேப் விசையை மட்டும் அழுத்திக் கடைசிப் பொத்தான் வரை போக முடிகிறதா என்று பாருங்கள். எங்கே நின்றுபோகிறது என்று தேதியோடு எழுதி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். உரிமை மறுப்பை விசாரித்துப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை 80ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. அந்தப் பரிந்துரை கிடைத்த துறை எடுத்த நடவடிக்கையை மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது 81ஆம் பிரிவு. முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்கிறது 89ஆம் பிரிவு.

தொகை சிறியதுதான். ஆனால் புகார் எழுதப்படாத இடத்தில் அந்தச் சிறிய தொகையும் வெறும் அச்செழுத்து. ஆரணியில் தார் சுற்றும் ஒரு பெண், தன் விண்ணப்பத்தின் நிலையைத் தன் காதால் கேட்டு, தன் விரலால் அனுப்பி, யாருக்கும் காரணம் சொல்லாமல் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துபோக முடிகிறதா என்பதே இந்தச் சட்டத்தை அளக்கும் கோல்.